டோபமைனுக்கு என்று ஒரு குணம் உண்டா?

டோபமைன் இன்பத்துக்கு, செரட்டோனின் மனநிம்மதிக்கு, ஆக்ஸிடோசின் பாசத்துக்கு, அட்ரினலின் பயத்துக்கு. மூளையைப் பற்றிய பேச்சு என்றாலே இப்போது இந்தப் பங்கீடுதான். கைபேசியை ஓயாமல் தடவிக்கொண்டிருப்பவருக்கு ‘டோபமைன் போதை’ என்கிறார்கள். அதிலிருந்து மீள ‘டோபமைன் விரதம்’ இருக்கச் சொல்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, யூடியூப் காணொளிக்கும் தோதாக இருக்கிறது. ஆனால் இந்த டோபமைன் உடம்பில் எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று தேடிப் போனால் பங்கீடு குலைந்துவிடும். பிட்யூட்டரி சுரப்பியில் அது புரொலாக்டின் ஹார்மோனை அடக்கிப் பால் சுரப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. விழித்திரையில் இரவுப் பார்வையிலிருந்து பகல் பார்வைக்கு மாற உதவுகிறது. சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்றத் துணைசெய்கிறது. மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியில் குமட்டலைக் கிளப்புகிறது. பெருமூளையின் அடியாழத்தில் கைகால் அசைவைத் தொடங்கிவைக்கிறது. இந்த ஐந்துக்கும் இன்பத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஐந்து இடத்திலும் மூலக்கூறு ஒன்றே, ஓர் அணுகூட மாறவில்லை. அப்படியானால் வேலையைத் தீர்மானிப்பது எது? சேதியாக வரும் ரசாயனத்துக்குள் விடையைத் தேடிப் பயனில்லை. சேதியைப் பெறும் செல் எந்தெந்தப் புரதங்களை வைத்திருக்கிறது, எவற்றை வைத்திருக்கவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. நூறாண்டு நரம்பியல் ஆய்வைப் படித்தால் நான் வந்துசேரும் முடிவு இது. இதை மறுக்க வலுவான வாதங்களும் உண்டு. அவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு மெதுவானது. அந்த இதயம் ஊறியிருந்த திரவத்தை இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். யாரும் நரம்பைத் தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தை விட்டுத்தான் இதயத்தோடு பேசுகிறது என்பது அன்று தெளிவாயிற்று. அது அசிட்டைல்கோலின். லோவியும் ஆங்கிலேயரான ஹென்றி டேலும் 1936-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டில் டேலின் குழு இன்னொன்றையும் காட்டியது: கைகால் தசைகளுக்குப் போகும் நரம்புகள் விடுவதும் இதே அசிட்டைல்கோலின்தான். அங்கே அது தசையைச் சுருங்க வைக்கிறது. இதயத்தை அடக்குகிற பொருள் தசையை முடுக்குகிறது. இதற்கான விளக்கத்தின் விதையைக் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905-லேயே ஊன்றியிருந்தார். நிக்கோட்டினும் கியுராரே என்ற அம்பு நஞ்சும் தசையில் மோதிக்கொள்வதைப் பார்த்த அவர், தசைக்குள் ரசாயனத்தை ஏற்கிற ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று ஊகித்தார். இன்று அதை ஏற்பி என்கிறோம். தசையில் உள்ள ஏற்பியே ஓர் அயனி வாயில். அசிட்டைல்கோலின் பட்டதும் அது திறந்து சோடியத்தை உள்ளே விட, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் தசை தூண்டப்படுகிறது. இதயத்தில் உள்ள ஏற்பி வேறு குடும்பம். அதற்கு வாயில் கிடையாது. அது செல்லுக்குள் ஒரு புரதத்தை அவிழ்த்துவிடுகிறது, அந்தப் புரதம் போய்ப் பொட்டாசிய வாயிலைத் திறக்கிறது, துடிப்பு தளர்கிறது.

இது ஏட்டுச் சங்கதி என்று நினைப்பவர்கள் எந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இதை நேரில் பார்க்கலாம். வயலுக்கு மருந்தடிக்கும் ஆள், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறிக் கொண்டுவரப்படுகிறார். இந்த நஞ்சு அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால் உடம்பெங்கும் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். எச்சில் வழியும், நெஞ்சில் சளி கட்டும், நாடி தளரும். தசைகள் துடிதுடித்துப் பிறகு ஓய்ந்துபோகும். மருத்துவர் அட்ரோபின் ஊசியை மறுபடி மறுபடி போடுகிறார். சளி வற்றுகிறது, நாடி ஏறுகிறது. தசைத் தளர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்காகத்தான் மூச்சுக் கருவி தேவைப்படுகிறது. அட்ரோபின் இதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள ஏற்பியை மட்டுமே மூடும், தசையின் ஏற்பியைச் சீண்டுவதே இல்லை. ஊமத்தையில் இருக்கும் நஞ்சும் இந்த அட்ரோபின் இனம்தான். ஊமத்தங்காயைத் தின்றுவிட்டவருக்கு நா வறண்டு, நெஞ்சு படபடத்து, கண்மணி விரிவதும், கைகால் தசைகள் மட்டும் முடங்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இதயமும் தசையும் இரு வேறு உறுப்புகள். வேறுபாடு இருக்கத்தானே செய்யும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே ஒரே இடத்தில், ஒரே நரம்பு செல்லின் நுனியில், மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரண்டு நியூரான்களைப் பார்ப்போம். அவை நம் கண்ணுக்குள் இருக்கின்றன. விழித்திரையின் கூம்புச் செல், நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக, இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கிறது. இருட்டில் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை ஓயாமல் விட்டுக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால் அடங்கி, விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதாவது குளூட்டமேட் குறைந்தால் வெளிச்சம், கூடினால் இருட்டு. கூம்புச் செல் சொல்லும் சேதி இந்த அளவுதான். இதைக் கேட்க அதன் காலடியில் இருமுனை செல்கள் காத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, குளூட்டமேட் பட்டால் தூண்டப்படுகிறது. ஆகவே இருட்டுக்கு விழித்தெழுகிறது. ‘ஆஃப்’ செல் என்று பெயர். இன்னொரு வகை, அதே குளூட்டமேட் பட்டால் அடங்குகிறது; ஆகவே வெளிச்சத்துக்கு விழித்தெழுகிறது. இது ‘ஆன்’ செல். ஆலைச் சங்கு ஊதியதும் ஒரு ஷிஃப்ட் ஆள் உள்ளே போவான், இன்னொரு ஷிஃப்ட் ஆள் வெளியே வருவான். சங்கு இருவருக்கும் ஒன்றுதான். வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தைப் படிப்பதற்கும் கரும்பலகையில் வெள்ளை எழுத்தைப் படிப்பதற்கும் வேண்டிய பிரிவினை, கண்ணைத் தாண்டி மூளைக்குப் போவதற்கு முன்பே, பார்வையின் முதல் இணைப்பிலேயே நடந்துமுடிந்துவிடுகிறது.

எப்படி நடக்கிறது? ஆஃப் செல்லில் இருப்பது வாயிலோடு கூடிய ஏற்பி. குளூட்டமேட் ஒட்டினால் வாயில் திறக்கும், நேர்மின் அயனிகள் உள்ளே பாயும், அவ்வளவுதான். ஆன் செல்லில் இருப்பது எம்ஜிளூஆர்-6 என்ற ஏற்பி. அது உள்ளே ஒரு புரதத்தை ஏவி, டிஆர்பிஎம்-1 என்ற வாயிலை மூடி வைக்கிறது. வெளிச்சம் வந்து குளூட்டமேட் குறைந்தால் பிடி தளர்ந்து வாயில் திறக்கிறது. 1995-ல் ஜப்பானில் எம்ஜிளூஆர்-6 மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் விழித்திரையில் ஆன் பதில் முற்றாகக் காணாமல் போயிற்று. அதற்கு முன்பே, 1986-ல், பீட்டர் ஷில்லரின் குழு குரங்கின் கண்ணில் இந்த ஏற்பியை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு மருந்தைச் செலுத்தியிருந்தது. பின்னணியைவிட இருண்ட புள்ளிகளைக் குரங்குகள் எப்போதும்போலக் கண்டுபிடித்தன. பின்னணியைவிடப் பிரகாசமான புள்ளிகளைக் கண்டுபிடிக்கத் திணறின. கூம்புச் செல் கெடவில்லை, குளூட்டமேட் குறையவில்லை, நரம்பு அறுபடவில்லை. கேட்கும் செல்லின் ஒரே ஒரு புரதத்தைத் தொட்டதற்கே பார்வையில் ஒரு பாதி மங்கிப்போனது.

மனிதரிலும் இதற்குச் சாட்சி உண்டு. எம்ஜிளூஆர்-6 மரபணு பழுதானால் பிறவியிலேயே மாலைக்கண் வரும் என்று 2005-ல் தெரியவந்தது. டிஆர்பிஎம்-1 மரபணுவுக்கும் அப்படியே என்பது 2009-ல். மங்கிய வெளிச்சத்தில் வேலைசெய்யும் குச்சிச் செல்கள் பெரும்பாலும் ஆன் வகை இருமுனை செல் வழியாகவே பேசுவதால் இரவுப் பார்வைதான் முதலில் அடிவாங்குகிறது. மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ குறைபாடு, முருங்கைக்கீரை, கேரட் என்று நம் மனம் ஓடும். பெரும்பாலோருக்கு அது சரி. இந்தப் பிறவி வகைக்கு எத்தனை கீரை தின்றாலும் குணம் தெரியாது. ஒளியைப் பிடிக்கும் செல்லில் குறையே இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலூசா இனக் குதிரைகளுக்கு உடம்பில் சிறுத்தைபோலப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிக்கான மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குதிரைக்கு இரவில் கண் தெரியாது. காரணம் அதே டிஆர்பிஎம்-1. தோலின் நிறமிச் செல்லும் கண்ணின் ஆன் செல்லும் ஒரே புரதத்தை வெவ்வேறு வேலைக்கு வைத்திருக்கின்றன. இன்னொரு நுணுக்கமும் சொல்ல வேண்டும். ஆஃப் செல்கள் எல்லாமும்கூட ஒன்றுபோல் இல்லை. தரை அணிலின் விழித்திரையில் ஸ்டீவன் டிவ்ரீஸ் 2000-ல் காட்டியபடி, சிலவற்றின் ஏற்பி ஒரு தூண்டலுக்குப் பிறகு சட்டென்று மீள்கிறது, சிலவற்றினது மெல்ல மீள்கிறது. அதனால் ஒரே கூம்பின் சேதியில் வேகமான மாற்றத்தை ஒரு செல்லும், நின்று நிதானமான மாற்றத்தை இன்னொரு செல்லும் வடித்தெடுக்கின்றன.

இனி டோபமைனுக்கு வருவோம். இந்தக் கதையில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரால் ரத்த அழுத்தம் குறைவதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதி உலகறியச் செய்தார். அந்த வேரிலிருந்து 1952-ல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடனில் அர்வித் கார்ல்சன் இந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார்; அவை அசையாமல் துவண்டு கிடந்தன. டோபமைனின் மூலப்பொருளான எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. 1957-ல் வெளிவந்த அந்த ஆய்வுதான் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்துக்கு வழிதிறந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பெருமூளையின் அடியாழத்தில் டோபமைன் வந்து விழும் ஸ்ட்ரையேட்டம் பகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால் நியூரான்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். உருவத்தை வைத்து இனம்பிரிக்க முடியாது. உள்ளேதான் இரண்டு சாதி. ஒன்றில் டி-1 ஏற்பி, இன்னொன்றில் டி-2 ஏற்பி. டோபமைன் பட்டால் முதலாவதில் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுப் பொருள் கூடுகிறது, இரண்டாவதில் குறைகிறது. முதலாவது கிளர்ச்சிக்கு எளிதில் வசப்படும், இரண்டாவது வசப்படாமல் விலகும். இந்த இரண்டும் மூளையின் இரு வேறு பாதைகளில் இழைகளை அனுப்புகின்றன என்பதை சார்லஸ் கெர்ஃபனின் குழு 1990-ல் காட்டியது. இருபது ஆண்டு கழித்து, ஒளியால் நியூரானை இயக்கும் நுட்பம் வந்தபோது, எலியில் டி-1 செல்களைத் தூண்டினால் ஓட்டம் கூடியது, டி-2 செல்களைத் தூண்டினால் எலி உறைந்து நின்றது. ஒன்று முடுக்கி, மற்றது தடை என்று பாடப் புத்தகங்கள் எழுதிவிட்டன. அவ்வளவு சுத்தமான பிரிவினையில் எனக்கு நம்பிக்கையில்லை. 2013-ல் ருய் கோஸ்தாவின் குழு அளந்தபோது, அசைவு தொடங்கும் தருணத்தில் இரண்டு வகையும் சேர்ந்தே விழித்தெழுந்தன. எந்த அசைவு வேண்டும், எது வேண்டாம் என்று இரண்டும் சேர்ந்து தேர்வு செய்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியானால் இன்பத்துக்கும் டோபமைனுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, நினைப்பதைவிடச் சுற்றுவழியில். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் நியூரான்களை அளந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அவை வெடித்துத் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்கூட்டியே சொல்லப் பழக்கியபின், விளக்குக்குத் துடித்தன, சாற்றுக்குத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் அடங்கிப்போயின. சாறு எப்போதும் இனிப்புதான், மாறியது எதிர்பார்ப்பு. டோபமைனை ஏறக்குறைய முழுதாக இழந்த எலிகளும் நாவில் இனிப்புப் பட்டால் ருசிக்கும் முகபாவம் காட்டுகின்றன என்பதைக் கென்ட் பெரிட்ஜ் பதிவுசெய்தார். டோபமைன் சொல்வது ‘நினைத்ததைவிடக் கூடுதல்’ அல்லது ‘நினைத்ததைவிடக் குறைவு’ என்ற ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எந்த இணைப்பை வலுவாக்கப் பயன்படுத்துவது, எதைத் தளர்த்தப் பயன்படுத்துவது என்பது கேட்கும் செல்லின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: ரசாயனத்துக்கு ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து ஏற்பிக்கு ஒட்டிவிட்டீர்கள், அவ்வளவுதானே? டோபமைன் அகராதிக்குப் பதில் ஏற்பி அகராதி. இந்த வாதத்துக்குச் சரியான பதில் காபாவிடம் இருக்கிறது. காபா மூளையின் முதன்மையான அடக்கும் ரசாயனம். அதன் ஏற்பி ஒரு குளோரைடு வாயில். வளர்ந்த நியூரானில் அது திறந்தால் எதிர்மின் குளோரைடு உள்ளே வந்து செல்லை அடக்குகிறது. கருவிலும் பிறந்த புதிதிலும் அதே காபா, அதே குடும்பத்து ஏற்பி, அதே வாயில். ஆனால் குளோரைடு வெளியே போகிறது, செல் தூண்டப்படும் பக்கம் நகர்கிறது. யெஹெஸ்கேல் பென்-ஆரி 1989-ல் இதை எலிக்குட்டியின் மூளையில் விவரித்தபோது பலருக்கு வியப்பாக இருந்தது. காரணம் ஏற்பியில் இல்லை, அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் இரண்டு பம்புகளில் இருக்கிறது. என்கேசிசி-1 குளோரைடை உள்ளே ஏற்றுகிறது. கேசிசி-2 வெளியே இறைக்கிறது. இளம் நியூரானில் முதலாவது ஓங்கியிருக்கும். வளர வளர இரண்டாவது பெருகும். கேசிசி-2-தான் இந்தத் திருப்பத்துக்குக் காரணம் என்பது 1999-ல் உறுதியானது. வாயில் திறப்பது மட்டும்தான் ஏற்பியின் வேலை. திறந்த வாயிலில் எந்தத் திசையில் ஓட்டம் என்பதை இந்தப் பம்புகள் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கின்றன. இளம் மூளையில் காபா செல்லைத் தூண்டும் பக்கம் நகர்த்தினாலும், வாயில் திறந்து கிடப்பதாலேயே மற்றத் தூண்டல்கள் கசிந்து வலுவிழந்து, மொத்தத்தில் அடக்கமே விளைவதும் உண்டு. ஆகவே அகராதி ஏற்பியோடு முடிவதில்லை. ஏற்பி, வாயில், பம்பு, உள்தூதுப் புரதங்கள் என்று முழுக் கூட்டும் சேர்ந்துதான் ஒரு பதில் உருவாகிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மூலக்கூறை விடுங்கள், எந்த நியூரான் எதனோடு இணைந்திருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது. இதற்கு அழகான சான்று ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவில் இருக்கிறது. அதற்கு மொத்தமே 302 நியூரான்கள். வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைலை நோக்கி அது நெளிந்து போகும்; ஓடிஆர்-10 என்ற ஏற்பி ஒரு குறிப்பிட்ட இணை நியூரான்களில் இருப்பதால். 1997-ல் கோரி பார்க்மனின் ஆய்வகம் அந்த ஏற்பியை அங்கிருந்து நீக்கி, கெட்ட வாடையைக் கண்டு விலகச் செய்யும் வேறு நியூரானில் வைத்தது. புழு வெண்ணெய் மணத்தைக் கண்டு விலகி ஓடியது. ஏற்பி அதே, மணம் அதே, முடிவு தலைகீழ். இணைப்பின் வலிமையை இதற்குமேல் யாரும் காட்ட முடியாது. அந்த அளவுக்கு வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புழுவிலேயே கதை தொடர்கிறது. ஸ்ரீகாந்த் சலசானியும் பார்க்மனும் 2007-ல் இன்னொரு மண நியூரானைப் பின்தொடர்ந்தார்கள். அது இரண்டு நியூரான்களுக்குக் குளூட்டமேட்டை அனுப்புகிறது. ஒன்றைத் தூண்டுகிறது, மற்றதை அடக்குகிறது. தூண்டப்படுவதில் ஒருவகை ஏற்பி, அடங்குவதில் குளூட்டமேட்டுக்குத் திறக்கும் ஒரு குளோரைடு வாயில். நம் விழித்திரையின் ஏற்பாடு ஒரு புழுவுக்குள் வேறு புரதங்களைக் கொண்டு மறுபடி செய்யப்பட்டிருக்கிறது. இணைப்பு வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடுகள். எந்தக் கோடு கூட்டல், எந்தக் கோடு கழித்தல் என்று அந்த வரைபடம் சொல்லாது. சி. எலிகன்ஸின் முழு இணைப்பு வரைபடம் 1986-லேயே கையில் வந்துவிட்டது. அந்த 302 நியூரான்களின் நடத்தையை இன்றளவும் முழுதாகக் கணித்துவிட முடியவில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு அதிகம் சிக்கலைக் கொடுக்கும் மறுப்பு நண்டிடமிருந்து வருகிறது. நண்டின் இரைப்பையை ஆட்டிவைக்க ஏறத்தாழ 30 நியூரான்கள் கொண்ட ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர் பல பத்தாண்டுகளாக அதையே ஆராய்ந்துவருகிறார். 2006-ல் அவர் குழு, வெவ்வேறு நண்டுகளில் பெயர்சொல்லி அடையாளம் காணக்கூடிய ஒரே நியூரானை எடுத்து, அயனி வாயில்களுக்கான மரபுச் செய்தியை அளந்தது. நண்டுக்கு நண்டு 2 முதல் 4 மடங்கு வரை வேறுபாடு. ஆனால் எல்லா நண்டுகளின் இரைப்பைத் தாளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு இதே வலைப்பின்னலின் 2 கோடிக்கும் மேற்பட்ட கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்தபோதும், முற்றிலும் வேறுபட்ட கலவைகள் ஒரே தாளத்தைத் தந்தன. மூலக்கூறு வேறுபாடு இவ்வளவு இருந்தும் பலன் ஒன்றே என்றால், அந்த வேறுபாட்டை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்? பதில் வெப்பத்தில் கிடைத்தது. வழக்கமான வெப்பநிலைகளில் எல்லா நண்டுகளின் தாளமும் சீராக ஓடுகிறது. சூட்டை மேலும் மேலும் ஏற்றினால் தாளம் குலைகிறது, ஒவ்வொரு நண்டிலும் ஒவ்வொரு விதமாகக் குலைகிறது. சாதாரண நாளில் மறைந்திருந்த வேறுபாடு நெருக்கடியில் வெளியே வருகிறது. ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவதற்கு இதில் ஒரு தடயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே நண்டில் இன்னொன்றும் தெரிந்தது. பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துணுக்குகளும் நரம்புகளுக்குச் சேதி சொல்பவை. அவற்றில் பல, செல்லுக்குள் கிளப்புவது ஒரே வகை மின்னோட்டத்தைத்தான்; ஆனால் எந்தப் பெப்டைடுக்கான ஏற்பி எந்தெந்த நியூரான்களில் இருக்கிறது என்பது மாறுவதால் வெளிவரும் தாளம் மாறுகிறது.

இந்த வேறுபாடுகளின் கணக்கெடுப்பு இப்போது பெரிய அளவில் நடக்கிறது. 2023-ல் சியாட்டிலின் ஆலன் நிறுவனத்தார் தலைமையில் வெளியான எலி மூளைப் படத்தில் சுமார் 5,300 செல் குழுக்கள். அதே ஆண்டு வந்த மனித மூளைப் படத்தில் 3,300-க்கு மேற்பட்ட உட்குழுக்கள். எலியின் பெருமூளைப் புறணியில் ஏறக்குறைய ஒவ்வொரு நியூரானும் ஏதாவது ஒரு பெப்டைடு ஏற்பிக்கான மரபணுவையாவது இயக்கிவைத்திருக்கிறது என்று 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது. மூளையில் ஒரு ரசாயனம் பரவினால் அதைக் கேட்கும் காதுகள் எத்தனை விதம் என்பதற்கு இது ஓர் அளவு. ஆனால் இந்தப் படங்கள் அளப்பது, புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏவை. ஒரு செல் எதைச் செய்யத் தயாராக இருக்கிறது என்பது தெரியும். செய்த புரதம் செல்லின் எந்த மூலையில், எத்தனை எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது.

கடைசியாக, நடைமுறை அறிந்தவர்களின் கேள்வி: மாத்திரை மூளை முழுவதையும்தானே நனைக்கிறது, அப்படியிருந்தும் குணம் தெரிகிறதே? குணத்தைவிடப் பக்கவிளைவு இங்கே நல்ல ஆசிரியர். வாந்திக்கு நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டோம்பெரிடோனும் மெட்டோகுளோப்ரமைடும் இரண்டுமே டி-2 ஏற்பியை மூடுபவை. டோம்பெரிடோன் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை எளிதில் தாண்டாது. வாந்தியைக் கிளப்பும் பகுதி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் அங்கே வேலை செய்கிறது. பிட்யூட்டரியும் வெளியே இருப்பதால் அங்கும் டோபமைனின் கட்டு அவிழ்ந்து புரொலாக்டின் ஏறுகிறது. குழந்தை பெறாதவருக்குக்கூடச் சிலசமயம் மார்பில் பால் கசிகிறது. மெட்டோகுளோப்ரமைடு தடுப்பைத் தாண்டி ஸ்ட்ரையேட்டத்தின் டி-2 செல்களையும் எட்டிவிடும். அதனால் சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், தாடை இறுகும், கண் மேலே செருகும். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று பதறுவார்கள். ஒரே ஏற்பி மூன்று இடத்தில் மூடப்பட, ஓரிடத்தில் வாந்தி நிற்கிறது, ஓரிடத்தில் பால் சுரக்கிறது, ஓரிடத்தில் தசை முறுக்கேறுகிறது. மாத்திரை எல்லா இடத்துக்கும் போகிறது என்பது உண்மை. போன இடத்தில் என்ன நடக்கும் என்பதை அங்கங்கே உள்ள செல்கள் முடிவுசெய்கின்றன.

பச்சிளங்குழந்தைகளின் வலிப்பு இதன் கடினமான முகம். அதற்கு நெடுங்காலமாக முதலில் கொடுக்கப்படுவது ஃபீனோபார்பிட்டால். காபாவின் வேலையைக் கூட்டும் மருந்து. பெரியவர்களின் மூளையில் காபாவைக் கூட்டினால் வலிப்பு அடங்கும். குளோரைடு இன்னும் உள்ளே நிறைந்திருக்கும் மூளையில்? 1999-ல் வெளியான ஒப்பீட்டில் அந்த மருந்து பாதிக்கும் குறைவான குழந்தைகளுக்கே வலிப்பை நிறுத்தியது. அப்படியானால் குளோரைடை உள்ளே ஏற்றும் பம்பை அடைத்துவிடலாமே என்று யோசித்தார்கள். அடைக்கும் மருந்தும் தயாராகவே இருந்தது: சிறுநீர் பிரியக் கொடுக்கும் புமெட்டனைடு. எலிக்குட்டிகளில் பலன் தெரிந்தது. ஐரோப்பாவில் 14 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, உயிர்பிழைத்த 11 குழந்தைகளில் 3 பேருக்குக் காது கேட்பதில் குறை இருந்தது. மருந்து மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை. அது அடைக்கும் என்கேசிசி-1 பம்போ உட்காதில் ஒலியைக் கேட்கத் தேவையான திரவத்தை உருவாக்குவதிலும் பங்கெடுக்கிறது. 2021-ல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய சோதனையில், புமெட்டனைடை ஃபீனோபார்பிட்டாலோடு சேர்த்துக் கொடுத்தபோது வலிப்பு ஓரளவு குறைந்தது. மூளைக்குள் எளிதாக நுழைந்து, காதின் பம்பைத் தொடாமல், இளம் நியூரானின் பம்பை மட்டும் அடைக்கும் ஒரு மருந்தை வேதியியலாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.